ராஜா வீட்டுப் பிள்ளைக்கு என்ன குறை?

2024 மார்ச்சில் மைசூர்–குடகு மக்களவைத் தொகுதிக்கு யதுவீர் கிருஷ்ணதத்த சாமராஜ உடையாரை பாரதிய ஜனதா கட்சி வேட்பாளராக அறிவித்த நாள் முதல் ஊரில் ஒரே பேச்சுதான். தேவராஜா மார்க்கெட்டில் மல்லிகை முழம் போடுகிறவர் அதைச் சொன்னார். ஆட்டோ ஓட்டுநர் சொன்னார். ஓய்வுபெற்ற பேராசிரியரும் சொன்னார். "ராஜா வீட்டுப் பிள்ளை. அவருக்கு என்ன குறை? அரசியலுக்கு வந்துதான் சம்பாதிக்க வேண்டுமா?" ஜூன் மாதம் வாக்குகளை எண்ணியபோது அவர் சுமார் 1 லட்சத்து 39 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

அந்த வெற்றியை நான் குறை சொல்லவில்லை. தேர்தலில் நிற்க எந்தக் குடிமகனுக்கும் உள்ள உரிமை அவருக்கும் உண்டு. படித்தவர், நிதானமாகப் பேசுகிறவர். அவர்மீது எந்தக் குற்றச்சாட்டையும் நான் சுமத்தவில்லை. நான் மறுப்பது அவரைச் சுற்றி நாம் எழுப்பிக்கொண்ட நம்பிக்கையை. அரச குடும்பத்தில் பிறந்தவர் மற்ற அரசியல்வாதிகளைவிட இயல்பாகவே நல்லவராக இருப்பார், ஆகவே அவரைக் கேள்வி கேட்கத் தேவையில்லை என்கிற நம்பிக்கை அது. மைசூரில் மட்டும் இல்லை, குவாலியரிலும் ஜெய்ப்பூரிலும் உண்டு. முடியாட்சியை 1918-லேயே ஒழித்துவிட்ட ஜெர்மனியிலும் உண்டு.

அந்த நம்பிக்கைக்கு மூன்று கால்கள். முதலாவது நன்றிக்கடன்: இந்த ஊரைக் கட்டியவர்கள் அவர்கள், பட்ட கடனைத் தீர்க்க வேண்டும். இரண்டாவது பணம்: பிறக்கும்போதே எல்லாம் இருந்தவருக்குப் பேராசை வராது. மூன்றாவது ரத்தம்: தலைமுறை தலைமுறையாக ஆண்டவர்களுக்குக் கண்ணியம் கூடவே பிறந்துவிடும். மூன்றையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம்.

நன்றிக்கடனில் உள்ள உண்மையை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. 1902-ல் சிவசமுத்திரத்தில் நீர்மின்சாரம். 1905-ல் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு. 1913-ல் மைசூர் வங்கி. 1916-ல் மைசூர்ப் பல்கலைக்கழகம். அதை ஒட்டிச் சந்தன எண்ணெய் ஆலை, பத்ராவதி இரும்பாலை. 1911-ல் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் எழுந்த கண்ணம்பாடி அணை, அதாவது கிருஷ்ணராஜ சாகர். இவற்றில் பெரும்பாலானவை 1902 முதல் 1940 வரை ஆண்ட நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் காலத்தவை. காந்தி அவரை ராஜரிஷி என்றார். மைசூரின் பழைய கடைகளில் சாமி படங்களோடு சேர்ந்து நால்வடியின் படமும் மாலை ஏந்தித் தொங்கும். அந்த மாலையை நான் மதிக்கிறேன்.

ஆனால் இந்தச் சாதனைகள் எப்படி நடந்தன என்று கேட்டால், பதிலில் அரண்மனை மட்டும் வராது. 1881-ல் திவானாக இருந்த ரங்காசார்லு செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். அவருக்குப் பின் 1883 முதல் 1901 வரை திவானாக இருந்து சிவசமுத்திரத் திட்டத்தைத் தொடங்கிவைத்த சேஷாத்ரி அய்யர் பாலக்காட்டுக்காரர். 1912 முதல் 1918 வரை விஸ்வேஸ்வரய்யா. 1926 முதல் 1941 வரை மிர்சா இஸ்மாயில். இவர்களில் ஒருவருக்கும் கிரீடம் கிடையாது. சம்பளம் வாங்கி வேலை செய்தவர்கள். வேலை சரியில்லை என்றால் விலக்கப்படக்கூடியவர்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? குடியானவர்களின் நிலவரியிலிருந்து. கோலார் தங்கத்தில் சமஸ்தானத்துக்குக் கிடைத்த ராயல்டியிலிருந்து. அந்தத் தங்கத்தைத் தோண்ட ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்கப் போன தமிழ்த் தலித்துகள். சிவசமுத்திரத்து மின்சாரம் முதலில் போனதும் அந்தச் சுரங்கங்களுக்குத்தான். பாறைத்தூள் நிரம்பிய நுரையீரலோடு தகரக் கொட்டகைகளில் முடிந்துபோனவர்களின் உழைப்பு அந்தப் பொற்காலத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. அவர்கள் படத்துக்கு யாரும் மாலை போடுவதில்லை.

அணை கட்டப் பணம் போதாமல் ராஜமாதா தன் நகைகளை விற்றுக் கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். அது நடந்ததாகவே வைத்துக்கொள்வோம். அந்த நகைகள் யாருடைய உழைப்பு? ராகி விளைவித்தவர் கட்டிய வரிதான் நகையாகி, அணையாகித் திரும்பி வந்தது. கண்ணம்பாடி என்ற ஊரே அந்த நீரில் மூழ்கியது. வீட்டையும் வயலையும் விட்டுப் போனவர்களின் தியாகம் எந்த நகைப்பெட்டிக்கும் குறைந்ததில்லை. கடன் உண்டுதான். அதைத் தர வேண்டிய முகவரிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒரே ஒரு வாசலில் கொண்டுபோய் மொத்தத்தையும் கொட்டுவது நன்றி ஆகாது.

நால்வடியின் உண்மையான பெருமை வேறிடத்தில் இருக்கிறது. 1917-ல் பிராமணரல்லாத சமூகங்களின் தலைவர்கள் பிரஜா மித்ர மண்டலி என்ற அமைப்பைத் தொடங்கி, அரசு வேலையில் தங்களுக்கு இடம் வேண்டும் என்று மன்னரிடமே வந்து கேட்டார்கள். 1918-ல் அவர் நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைத்தார். விஸ்வேஸ்வரய்யாவுக்கு அது பிடிக்கவில்லை, பதவியை விட்டுப் போனார். அப்படிப்பட்ட திவானையே இழக்கத் துணிந்து ஒரு மன்னர் மக்களின் கோரிக்கைக்கு வழிவிட்டார். அது கேட்டதால் கிடைத்தது. கேட்டவர்கள் இருந்ததால் அவர் பெரியவர் ஆனார். கேள்வி கேட்காத குடிகள் இருந்திருந்தால் மில்லர் குழுவே வந்திருக்காது.

இதைவிடப் பெரிய சான்று அந்தக் குடும்பத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1799-ல் திப்பு வீழ்ந்தபின் ஆங்கிலேயர் ஐந்து வயதுச் சிறுவரான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை அரியணையில் ஏற்றினார்கள். அவர் வளர்ந்து ஆண்ட காலத்தில் நகர் என்ற பகுதியின் விவசாயிகள் வரிக்கொடுமை தாங்காமல் கிளர்ந்தெழுந்தார்கள். 1831-ல் நிர்வாகத்தை ஆங்கிலேயர் பறித்துக்கொண்டார்கள். அவர்களுடைய நோக்கம் தூய்மையானது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நகர் விவசாயிகளின் கோபம் யாரும் கற்பனை செய்தது அல்ல. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1881-ல், நிபந்தனைகளோடு ஆட்சி குடும்பத்தின் கைக்குத் திரும்பியது. தலைக்கு மேல் ஆங்கிலேயரின் பிரதிநிதியான ரெசிடெண்ட் இருந்தார். பக்கத்தில் பொறுப்புள்ள திவான் இருந்தார். அதே ஆண்டு அக்டோபரில், தசரா வேளையில், 144 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை முதல்முறையாகக் கூடியது. அதற்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை. ஆனாலும் தாலுகாக்களிலிருந்து வந்தவர்கள் திவானின் முகத்துக்கு நேரே குறைகளைச் சொன்னார்கள். இன்று டவுன் ஹால் என்று நாம் சொல்லும் கட்டடம், அந்தத் திவான் ரங்காசார்லுவின் நினைவாக 1884-ல் எழுந்தது.

ஒரே வம்சம்தான். கண்காணிப்பு இல்லாதபோது கிளர்ச்சியில் முடிந்தது, கண்காணிப்பு வந்தபின் இந்தியாவுக்கே முன்மாதிரி ஆனது. நல்லாட்சி எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? கணக்குக் கேட்கும் ஏற்பாடுதான் அந்த மன்னர்களை நல்லவர்களாக வைத்திருந்தது. அவர்களில் சிறந்தவர்கள் அந்த ஏற்பாட்டை மனமுவந்து ஏற்றார்கள், அதனால்தான் சிறந்தவர்கள். இன்று அவர்கள் பெயரைச் சொல்லி, அவர்கள் வாரிசிடம் கணக்குக் கேட்காதே என்பது அவர்கள் செய்த நல்லதைத் தலைகீழாகப் புரட்டுவது.

அந்தப் பொற்காலத்திலும் துப்பாக்கி வெடித்தது என்பதையும் மறக்க வேண்டாம். 1938 ஏப்ரல் 25-ல் கௌரிபிதனூர் அருகே விதுராஸ்வத்தாவில், தேசியக் கொடியோடு கூடிய மக்கள்மீது சமஸ்தானப் போலீஸ் சுட்டது, பலர் செத்தார்கள். அப்போது அரியணையில் இருந்தவர் நால்வடிதான். 1947-ல் நாடு விடுதலை பெற்றபின்னும் மைசூரில் மக்களாட்சி வரவில்லை. ஆர்க்காடு ராமசாமி முதலியார் திவானாக இருந்தார். 'மைசூர் சலோ' என்று ஊர் ஊராக மக்கள் கிளம்பினார்கள். செப்டம்பரில் மைசூர் நகரத்திலேயே நடந்த துப்பாக்கிச்சூட்டில் ராமசாமி என்ற மாணவர் இறந்தார். அக்டோபரில்தான் உடன்பாடு ஏற்பட்டு, கே. சி. ரெட்டி தலைமையில் மக்கள் அமைச்சரவை பதவியேற்றது. அப்போதைய மன்னர் ஜெயசாமராஜேந்திர உடையார் இணங்கி வந்தார், பின்னர் கண்ணியமான ஆளுநராக இருந்தார், மதராஸ் மாநிலத்துக்கும் ஆளுநராக வந்தார். எல்லாம் உண்மை. ஆனால் மக்களாட்சியை அவர் பரிசாகத் தூக்கிக் கொடுத்தார் என்பது உண்மை இல்லை. அந்த மாணவர் கொடுத்த விலை அதில் இருக்கிறது. ராமசாமி சர்க்கிள் என்று சொல்லி தினமும் பஸ் ஏறுகிறோம். அந்த ராமசாமி யார் என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

இரண்டாவது காலுக்கு வருகிறேன். பணம் உள்ளவருக்குப் பணத்தாசை இராது என்று சொல்கிற மைசூர்க்காரர், தன் பாட்டி சொன்ன கதையை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். தலைக்காட்டுச் சாபம் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1610-ல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தை விஜயநகரப் பிரதிநிதியிடமிருந்து கைப்பற்றினார். அந்தப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மாவிடம் ரங்கநாயகித் தாயாருக்குச் சாத்தும் நகைகள் இருந்தன. அவற்றை வாங்கி வர மன்னர் ஆட்களை அனுப்பினார். துரத்தப்பட்ட அந்தப் பெண் காவிரியில் குதிக்கும் முன், தலைக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசர்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று சபித்தாள். இதுதான் கதை.

சாபத்தை நான் நம்பவில்லை. 2013 டிசம்பரில் ஜெயசாமராஜேந்திரரின் மகன் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் பிள்ளை இல்லாமல் காலமானபோது, ஒரு தம்பதியின் சொந்தத் துயரத்தை ஊடகங்கள் சாபக் கதையாக்கி விற்றது எனக்கு இன்றும் வலிக்கிறது. பிள்ளைப்பேறு அவரவர் வீட்டு விஷயம். ஆனால் இந்தக் கதையை நானூறு ஆண்டுகளாகச் சுமந்து வந்த மக்களின் மனதைக் கவனியுங்கள். ஏற்கெனவே ராஜ்யம் கிடைத்த மன்னர், புருஷனை இழக்கும் நிலையில் இருந்த ஒரு பெண்ணின் நகையையும் கேட்டார் என்று அவர்கள் நினைவில் வைத்தார்கள். இருப்பவனுக்கு ஆசை தீர்ந்துவிடாது என்பது நம் பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது. அரண்மனையிலேயே அலமேலம்மாவுக்கு இன்றும் வழிபாடு உண்டு. அரண்மனை மறக்காததை ஊர் மறந்துவிட்டது.

கதையை விட்டுக் கணக்குக்கு வருவோம். 1996-ல் பெங்களூர் அரண்மனையையும் சுற்றியுள்ள சுமார் 472 ஏக்கரையும் கையகப்படுத்தக் கர்நாடகச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. இழப்பீடு 11 கோடி ரூபாய். உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. குடும்பத்தினர் உச்ச நீதிமன்றம் போனார்கள். மேல்முறையீடு கால் நூற்றாண்டைத் தாண்டி நீண்டது. சாலை அகலப்படுத்த அதில் 15 ஏக்கர் அளவுக்குத் தேவைப்பட்டபோது, ஈடாகக் கட்டட உரிமைச் சான்று, அதாவது டி.டி.ஆர்., கொடுக்க 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் மதிப்பு 3,000 கோடி ரூபாயைத் தாண்டும் என்றது மாநில அரசு. 2025 ஜனவரியில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மைசூர் அரண்மனைக்கும் 1998-ல் கையகப்படுத்தும் சட்டம் ஒன்று வந்தது. சாமுண்டி மலைக்கு 2024-ல் அரசு தனி ஆணையம் அமைத்தபோது ஸ்ரீகண்டதத்தரின் மனைவி பிரமோதா தேவி உடையார் உயர் நீதிமன்றத்தை நாடினார்.

வழக்குப் போடுவது குற்றமில்லை. சொத்துக்காக நீதிமன்றம் போக அவர்களுக்கு முழு உரிமை உண்டு. சில வழக்குகளில் நியாயம் அவர்கள் பக்கமே இருக்கலாம், அதை நீதிபதிகள் சொல்லட்டும். நான் சொல்வது இவ்வளவுதான்: கர்நாடகத்தில் அரசோடு மிகப் பெரிய நிலத் தகராறு உள்ள குடும்பங்களில் ஒன்றிலிருந்து வருகிறவரை, "இவருக்கு அரசிடமிருந்து எதுவும் வேண்டியதில்லை" என்று எப்படிச் சொல்ல முடியும்? வேட்புமனுவில் அவர் தன் பெயரில் காட்டிய சொத்து சுமார் 5 கோடிதான், சொந்த வீடும் நிலமும் இல்லை என்று ஊரே நெகிழ்ந்தது. தனிச்சொத்து வேறு, குடும்பச் சொத்து வேறு. சட்டப்படி அது சரி. ஆனால் மக்கள் பிரதிநிதியின் நலன் எங்கெல்லாம் கலந்திருக்கிறது என்று பார்க்கிற குடிமகன் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு ரியல் எஸ்டேட்காரர் எம்.பி. ஆனால் அவர் நிலங்களைத் துருவுகிறோம். துருவத்தான் வேண்டும். அதே கண் இங்கே மட்டும் ஏன் மூடிக்கொள்கிறது? அரண்மனை நிலம், சாமுண்டி மலை ஆகியவற்றில் தன் நிலை என்ன, குடும்ப வழக்குகளைத் தொடும் எந்தெந்த முடிவுகளிலிருந்து விலகி நிற்பார் என்று எம்.பி.யிடம் பகிரங்கமாகக் கேட்டு வாங்குவது வாக்காளரின் உரிமை. அது அவமரியாதை இல்லை. அவருக்கே அது பாதுகாப்பு.

இனி ரத்தம். இந்த வாதத்தை மைசூர் வம்சமே மறுத்துவிட்டது. 1881-ல் ஆட்சியேற்ற சாமராஜேந்திர உடையார் தத்துப்பிள்ளை. நால்வடிக்குப் பின் வந்த ஜெயசாமராஜேந்திரர் அவருடைய தம்பி மகன். யதுவீர் 2015-ல் தத்தெடுக்கப்பட்டவர். தந்தையிடமிருந்து மகனுக்கு என்று ரத்தம் இடைவிடாமல் நேர்கோட்டில் ஓடவில்லை. தத்தெடுப்பு அழகான வழக்கம். வளர்ப்பும் பொறுப்பும்தான் ஒருவரை உருவாக்குகின்றன என்று அது சொல்கிறது. அதை வைத்து ரத்தப் பெருமை பேசுவதுதான் பொருந்தவில்லை.

ரத்தம் கண்ணியத்தைக் கொடுக்கும் என்றால் இந்தூரில் ஏன் கொடுக்கவில்லை? 1925 ஜனவரியில் பம்பாய் மலபார் ஹில்லில் அப்துல் காதர் பாவ்லா என்ற வணிகர் கொல்லப்பட்டார். இந்தூர் அரண்மனையிலிருந்து தப்பி வந்த மும்தாஜ் என்ற பெண்ணைக் கடத்த வந்தவர்கள் செய்த கொலை அது. தடயம் இந்தூர் வரை போனது. விசாரணைக்கு உட்படுவதைவிட முடி துறப்பதே மேல் என்று மகாராஜா துக்கோஜி ராவ் ஹோல்கர் 1926-ல் விலகினார். நம் புதுக்கோட்டையில் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் ஆஸ்திரேலியப் பெண்ணான மோலி ஃபிங்கை மணந்தார். காதலித்து மணந்தது குற்றமே அல்ல. ஆனால் அதற்குப் பின் சமஸ்தானத்தை வேறு கையில் விட்டுவிட்டு வெளிநாட்டிலேயே வாழ்ந்து, 1928-ல் பாரிஸில் காலமானார். குடிகள் மட்டும் புதுக்கோட்டையிலேயே இருந்தார்கள்.

ஜெர்மனி இன்னும் தெளிவான பாடம். அங்கே 1919 அரசியல் சட்டம் பிரபுக்களின் சலுகைகளை ஒழித்தது, பட்டங்களை வெறும் குடும்பப் பெயராக ஆக்கியது. நம் அரசியல் சட்டத்தின் 18-ஆம் பிரிவும் பட்டங்களை ஒழித்தது. 1971-ல் 26-ஆம் திருத்தம் மன்னர் மானியத்தை நீக்கியது. மைசூருக்கு ஆண்டுக்கு 26 லட்சம் வந்துகொண்டிருந்தது நின்றது. இரு நாடுகளிலும் சட்டம் மாறியது, மனம் மாறவில்லை. கார்ல்–தியோடோர் ஸு குட்டன்பெர்க் பழைய பிரபு குடும்பத்தில் பிறந்தவர், 2009-ல் அமைச்சரானார். "இவருக்குப் பணம் வேண்டாம், பதவி வேண்டாம், நாட்டுக்காக வந்திருக்கிறார்" என்று ஜெர்மானியர்கள் உருகினார்கள். நம் ஆட்டோ ஓட்டுநர் சொன்ன அதே வாக்கியம். கருத்துக்கணிப்புகளில் அவர்தான் முதலிடம். 2011 பிப்ரவரியில் அவருடைய முனைவர் பட்ட ஆய்வில் பக்கம் பக்கமாகப் பிறர் எழுத்து இருப்பது வெளிவந்தது. சாதாரண வாசகர்கள் இணையத்தில் ஒன்றுகூடி வரி வரியாக ஒப்பிட்டார்கள். பல்கலைக்கழகம் பட்டத்தைப் பறித்தது. மார்ச் 1-ல் பாதுகாப்பு அமைச்சர் பதவியிலிருந்து விலகினார்.

2000-ல் ஹானோவர் உலகக் கண்காட்சியில் துருக்கி அரங்கின் அருகே ஹானோவர் இளவரசர் எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் சிறுநீர் கழித்த படம் வெளியாகி இரு நாடுகளுக்கும் சங்கடமானது. 2022 டிசம்பரில் ஜெர்மன் அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாகப் பதின்மூன்றாம் ஹைன்ரிஷ் ராய்ஸ் என்ற இளவரசர் கைதானார். கைசரின் வம்சத்தவர் இழந்த சொத்துகளைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் அரசோடு மோதினார்கள். அவர்கள் முன்னோர் நாஜிகளுக்குக் கைகொடுத்தாரா என்ற கேள்வியிலேயே அந்த வழக்கு தொங்கியது. 2023-ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். பிரபுக்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஹிட்லரைக் கொல்ல 1944-ல் குண்டு வைத்த ஸ்டௌஃபன்பெர்க்கும் பிரபு குடும்பத்தவர்தான். அவர்களிலும் எல்லா வகையும் உண்டு, நம் வீடுகளில் இருப்பது போல. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

மைசூர் வாக்காளர்களுக்கு இது ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையாரை காங்கிரஸ் வேட்பாளராக நான்கு முறை வெல்ல வைத்தார்கள். 1991-ல் அவர் பாரதிய ஜனதா பக்கம் போய் நின்றபோது தோற்கடித்தார்கள், வென்றவர் முன்னாள் முதலமைச்சர் தேவராஜ் அர்ஸின் மகள் சந்திரபிரபா அர்ஸ். 2004-ல் மறுபடியும் தோற்கடித்தார்கள். அரண்மனைக்கு விளக்கு போட்டால் ரசித்தார்கள், வாக்குச்சாவடிக்குப் போனால் கணக்குப் பார்த்தார்கள். அந்த முதிர்ச்சியை இழந்துவிட வேண்டாம்.

தேவராஜ் அர்ஸ் பெயரைச் சொன்னதும் நிற்க வேண்டும். ஹுன்சூர் தாலுகா கல்லஹள்ளியைச் சேர்ந்த அவரும் அரச குடும்பம் பெண் கொடுத்து எடுக்கும் அர்ஸ் சமூகத்தவர்தான். ஆனால் அவருடைய புகழ் அதில் இல்லை. 1974-ல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தத்தில் உழுதவனுக்கு நிலம் போனதில் இருக்கிறது. ஹாவனூர் ஆணையம் வழியே பிற்படுத்தப்பட்டவர்களுக்குக் கதவு திறந்ததில் இருக்கிறது. அவர் ஆட்சிமீது ஊழல் புகார் எழுந்து குரோவர் ஆணையம் விசாரித்ததும் வரலாறுதான். சாதித்ததற்குப் புகழ், புகாருக்கு விசாரணை. இரண்டையும் அவர் செயல்தான் கொண்டுவந்தது, பிறப்பு இல்லை. ஒரு மக்கள் தலைவரை எடை போடும் முறை அதுதான்.

"அப்படியானால் மற்ற அரசியல்வாதிகள் மட்டும் யோக்கியமா?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியில் உள்ள அலுப்பு எனக்கும் உண்டு. 2024-ல் மைசூரையே உலுக்கிய, நகர வளர்ச்சி ஆணையமான முடாவின் மனை விவகாரத்தைப் பாருங்கள். முதலமைச்சர் சித்தராமையாவின் மனைவிக்கு ஒதுக்கிய 14 மனைகள் பற்றிப் புகார் எழுந்தது. விசாரணைக்கு ஆளுநர் அனுமதி கொடுத்தார். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மனைகள் திருப்பித் தரப்பட்டன. லோக் ஆயுக்தா போலீஸ் 2025-ல் ஆதாரம் போதாது என்று அறிக்கை கொடுத்தது. முடிவு உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். ஆனால் பதவியில் இருந்த முதலமைச்சரை ஒரு சாதாரணக் குடிமகனின் புகார் பதில் சொல்ல வைத்தது. அரசியல்வாதிகளைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம், அவர்களைக் கேட்கிறோம். கேட்காதவரைப் பற்றி எதுவும் தெரியாது. தெரியாததையே தூய்மை என்று நம்புகிறோம்.

எம்.பி.யை எம்.பி. என்று அழைப்போம். நாடாளுமன்றத்தில் என்ன பேசினார், தொகுதி நிதியை எங்கே செலவிட்டார், குடகின் நிலச்சரிவுக்கும் மைசூரின் வேலைவாய்ப்புக்கும் என்ன செய்தார் என்று ஆண்டுதோறும் கேட்போம். நல்லது செய்தால் மனம் திறந்து பாராட்டுவோம். நவராத்திரியில் அரண்மனைக்குள் அவர் அரியணையில் அமர்ந்து நடத்தும் தர்பார் அந்தக் குடும்பத்தின் வழிபாடு, அதை மதிப்போம். வெளியே வந்ததும் அவர் நம்மில் ஒருவர்.

இதை மைசூருக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. விஜயதசமி அன்று 750 கிலோ தங்க அம்பாரி யானைமேல் வரும்போது லட்சக்கணக்கானவர்கள் கைகூப்புகிறார்கள். ஒரு காலத்தில் அதில் மன்னர் அமர்ந்து வந்தார். மன்னர் மானியம் ஒழிந்த காலத்திலிருந்து அந்த இடத்தில் சாமுண்டீஸ்வரி வருகிறாள். கோலாகலம் குறையவில்லை, பக்தி குறையவில்லை, ஊர்வலம் நிற்கவில்லை. மனிதர் அமர்ந்த இருக்கையில் இனி மனிதர் எவரும் அமரக் கூடாது என்று இந்த ஊர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்துவிட்டது. யானையிலிருந்து இறக்கிய மனிதரை மனதுக்குள் ஒரு அம்பாரி கட்டி மறுபடி ஏற்றி வைக்க வேண்டாம். ராமசாமி சர்க்கிளைக் கடக்கும்போது அந்த மாணவரை ஒரு கணம் நினைத்துக்கொண்டால் போதும், அப்படி ஏற்றி வைக்கும் கட்டாயம் நமக்கு இல்லை என்பது புரியும்.